கூரைமேற் சுமையும் காற்றின் வரியும்

வண்டியின் தலைமேல் மூட்டை ஏற்றும் வழக்கம் மோட்டாருக்கு முற்பட்டது. ஐரோப்பாவில் குதிரை வண்டிகள் ஊருக்கு ஊர் ஓடிய காலத்தில், வசதியுள்ளோர் உள்ளே அமர்ந்தனர். பெட்டிகளும், குறைந்த கட்டணம் கொடுத்த பிரயாணிகளும் கூரைமேல் ஏறினர். 1784-ஆம் ஆண்டில் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு விடப்பட்ட அஞ்சல் வண்டி வேகத்துக்குப் பெயர் பெற்றது. ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்தை அது 16 மணி நேரத்தில் கடந்தது. அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு பகையன்று. வண்டிக்காரன் அஞ்சியவை இரண்டே: குதிரைகள் இளைத்துப் போவது ஒன்று, தலைப்பாரத்தால் வண்டி குடை சாய்வது மற்றொன்று.

இந்த வழக்கம் அப்படியே மோட்டார் வண்டியின் கூரைக்கும் குடியேறிற்று. வேகம் மாறியபோது பகைவனும் மாறினான் என்பதை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று.

நாம் விஞ்ஞானம் கற்றவரல்லர். கோப்புகளை மொழிபெயர்ப்பதே நமது தொழில். ஆங்கிலத்தில் 'டிராக்' என்று வழங்கும் சொல்லை 'இழுவை' என்று எழுதிவிட்டால், வண்டி எதையோ கயிறு கட்டி இழுத்துச் செல்வதாகப் படிப்பவர் எண்ணக்கூடும். 'காற்றுத் தடை' என்பதே தெளிவு. இத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் போல வளர்வது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 80-க்கு உயர்ந்தால் தடை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. கூரைச் சட்டம் கூட்டும் செலவு நகர வீதியில் கண்ணுக்குத் தெரியாமலும் நெடுஞ்சாலையில் பையைக் கடிப்பதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

1899-இல் பெல்ஜிய நாட்டவரான காமில் ஜெனாட்ஸி, பாரிஸ் நகருக்கு அருகே மின்சார வண்டி ஒன்றை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். சாலை ஊர்தி எதுவும் அதற்குமுன் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. காற்றைக் கிழித்துச் செல்லும்படி வண்டியின் உடலை நீர்மூழ்கிக் குண்டின் வடிவில் அமைத்திருந்தனர். ஆயினும் வேடிக்கை என்னவெனில், ஓட்டுநர் அதன்மேல் மார்பளவு வெளியே தெரிய அமர்ந்திருந்தார். வண்டியின் கூரைமேல் மூட்டை அவரே!

கோபுரத்தால் புகழ்பெற்ற குஸ்தாவ் ஐஃபல், அதன் இரண்டாம் தளத்திலிருந்து தட்டுகளை விழச்செய்து காற்றின் எதிர்ப்பை அளந்தவர். 1909-இல் அதன் அடிவாரத்திலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றை நிறுவினார். ஆனால் இக்கலையால் முதலிற் பயன் பெற்றது விமானமே. இரட்டைச் சிறகு விமானங்களில் சிறகுகளைப் பிணைத்திருந்த உருண்டைக் கம்பிகள், தம் பருமனுக்குப் பொருந்தாத அளவு தடையை உண்டாக்கின. முதல் உலகப் போரின் காலத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானச் சாலையார் அவற்றை மெலிந்த இலை போன்ற குறுக்குவெட்டுடைய கம்பிகளாக மாற்றினர். காரின் கூரையில் கிடக்கும் உருண்டைக் குழாயும் இவ்வகையில் அக்கம்பியின் உறவினனே. வேகம் கூடும்போது அது ஊளையிடுகிறதல்லவா? குழாயின் பின்னே காற்று சுழன்று சுழன்று உதிர்வதால் எழும் ஓசை அது.

1934-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தார் காற்றுச் சுரங்கத்திற் சோதித்து 'ஏர்ஃப்ளோ' என்னும் காரை வெளியிட்டனர். அன்றைய கார்கள் பின்புறமாக ஓடினால் காற்றுத் தடை குறையும் என்பதை அந்தப் பொறியாளர்கள் கண்டதாகச் சொல்வர். மக்களுக்கோ அதன் தோற்றம் பிடிக்கவில்லை. 1937-உடன் அந்தக் கார் மறைந்தது. பெட்ரோல் மலிவாக விற்ற நாட்டில் காற்றுக்குக் கொடுக்கும் வரியை யார் கணக்கிடுவார்?

நமது நாட்டில் கூரைச் சட்டத்தின் பொற்காலத்தைப் பம்பாயில் காணலாம். கறுப்பும் மஞ்சளும் பூசிய பத்மினி டாக்ஸிகளின் தலையில் அது மகுடம்போல் வீற்றிருந்தது. தாதர் நிலையத்தில் இறங்கி மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ சென்ற தமிழ்க் குடும்பங்களின் படுக்கைச் சுருளும் ஊறுகாய் ஜாடியும் அதில் ஏறியே வீடு சேர்ந்தன. நமது இல்லங்களில் 'கேரியர்' என்றால் சாப்பாடு. டாக்ஸிக்காரரிடம் அதே சொல் கூரைச் சட்டம். பிற்பாடு, எரிபொருட் செலவைக் குறைக்கவும் புகையைத் தணிக்கவும் டாக்ஸிகள் சி.என்.ஜி. வாயுவுக்கு மாறியபோது, அதன் உருளை டிக்கியை அடைத்துக்கொண்டது. பெட்டிகள் முன்னிலும் உறுதியாகக் கூரைக்கே தள்ளப்பட்டன. நகர வேகத்தில் இதனால் நட்டம் அதிகமில்லை. நின்று நின்று புறப்படும் வண்டியில் எரிபொருளின் பெரும்பகுதி காற்றோடு போராடுவதிற் போவதில்லை. பம்பாய் ஓட்டுநரைக் குறை கூறுவோரோடு நாம் உடன்படோம். 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்ஸிகளும் மும்பையின் வீதிகளை விட்டு நீங்கின.

காற்றின் வரியை உலகம் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அமெரிக்க அரசாங்கம் வாகன ஓட்டிகளுக்கு இன்று வழங்கும் கணக்கின்படி, கூரைமேல் வைத்த பெரிய மொட்டைமுகப் பெட்டி நகரில் லிட்டருக்கு ஓடும் தூரத்தை 100-க்கு 2 முதல் 8 வரை குறைக்கிறது. நெடுஞ்சாலையில் 6 முதல் 17 வரை. மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகங்களில் 10 முதல் 25 வரை. அதே சுமையை வண்டியின் பின்புறம் மாட்டினால் நெடுஞ்சாலையிலும் குறைவு 5-க்கு மேற்போவதில்லை. பாரம் ஒன்றே, இடம் மாத்திரம் வேறு. 2016-இல் அந்நாட்டின் இரு தேசிய ஆய்வுக்கூடங்களைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஆய்வு, முந்திய ஆண்டில் அங்குள்ள கார்கள் முதலிய சிறு வாகனங்கள் எரித்த எரிபொருளில் 100-க்கு ஏறத்தாழ 1 பங்கு கூரைச் சட்டங்களாற் போயிற்று எனக் கணித்தது. பெட்டி ஏதுமின்றி வெறுமனே கிடக்கும் சட்டமும் இதிற் பங்குபெறுகிறது.

தேவையான கச்சா எண்ணெயில் 100-க்கு 80-க்கு மேல் வெளிநாட்டில் வாங்கும் நம் நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று. ஒரு குடும்பத்துக்கும் அவ்வாறே. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் மும்பையிலிருந்து சென்னைவரை 1,330 கிலோமீட்டர் செல்ல 89 லிட்டர் போதும். கூரைப் பெட்டியால் 100-க்கு 17 குறைந்தால் 107 லிட்டர் வேண்டும். ஒரு வழிக்கு 18 லிட்டர்!

அம்பாஸிடர், பத்மினி போன்ற பழைய கார்களின் கூரையோரத்தில் மழைநீர் வடியும் விளிம்பு ஒன்று இருந்தது. அதைப் பற்றியே சட்டத்தை முடுக்கினர். புதிய கார்களில் அவ்விளிம்பு மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பல கார்கள் நிலையான நீளக் கம்பிகளை அழகுக்கென்றே தாங்கி ஆலையிலிருந்து வருகின்றன. அவை கூரையோடு ஒட்டிக் காற்றின் போக்கிலேயே நீள்வன. அவற்றால் தீங்கு சொற்பம். அவற்றின்மேல் குறுக்காக இடும் சட்டங்கள்தாம் காற்றை மறிப்பவை. தீபாவளிக்கு ஊர் சென்று திரும்பியபின் அவற்றைக் கழற்றிப் பரண்மேல் போட, ஒரு திருகுசாவியும் கால் மணி நேரமும் போதும்.