வாக்களித்த புதுமையும் வந்து சேர்ந்த புதுமையும்

ஏரும் தறியும் தலைமுறைக்கு ஒரு முறை மாறினாலே பெரிது என்றிருந்த காலம் ஒன்றுண்டு. தந்தை பிடித்த மேழியையே மகனும் பிடித்தான். அதன் அடுத்த வடிவம் எப்போது வரும் என்று அவன் காத்திருந்ததில்லை. கணினியின் வரலாறோ இதற்கு முற்றிலும் மாறானது. சில ஆண்டுகளுக்கொரு முறை அது புத்துருப் பெறுகிறது. ஆகவே, அதனைக் கையாளுவோர்க்கு எதிர்பார்ப்பு என்பது இடைவிடாத மனநிலை ஆகிவிட்டது. அடுத்த பதிப்பிலே என்ன வரும், இப்போதுள்ள குறை தீருமா, வைத்திருக்கும் பொறி அதற்குப் போதுமா என்னும் வினாக்கள் எழாத நாளில்லை. இவ்வெதிர்பார்ப்பு எவ்வாறு வளர்க்கப்பட்டது, எவ்வளவு நிறைவேறிற்று என்பதை ஆராய்வது பயனுடையது. பெரும் பொருளும் பல்லாயிரம் மக்களின் உழைப்பும் அதனோடு பிணைந்து கிடக்கின்றன.

முதலில், பணிசெயல் முறைமை என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். கணினியின் உறுப்புகளுக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையில் நின்று, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என்று பங்கிட்டுக் கொடுத்து, கோப்புகளை ஒழுங்காக வைத்துக் காத்து, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி முதலியவற்றை இயக்கும் மென்பொருளே அது. ஒரு காரியாலயத்தின் பிரதம இலிகிதருக்கு இதனை ஒப்பிடலாம். அவர் தாமாக ஒரு கடிதமும் எழுதுவதில்லை. ஆயினும் அவர் இல்லையேல் எந்தக் கடிதமும் உரிய மேசையைச் சென்றடையாது. பணிசெயல் முறைமையைப் புதுப்பித்தல் என்பது, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பிரதம இலிகிதரை மாற்றுவதை ஒத்தது. பழைய கோப்புகளையும் பழைய பழக்கங்களையும் புதியவரும் ஏற்றாக வேண்டும். இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இவ்விடர்ப்பாட்டை அப்பிள் நிறுவனத்தின் வரலாறு நன்கு காட்டுகிறது. 1984ஆம் ஆண்டு அது வெளியிட்ட மக்கின்ரோஷ் கணினி, திரையிலே படங்களைச் சுட்டி வேலை செய்யும் எளிமையால் புகழ் பெற்றது. 1991ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் பணிசெயல் முறைமையாகிய ‘சிஸ்டம் 7’ வெளிவந்தது. பார்வைக்கு இனியதாயினும் அதன் அடித்தளத்திலே இரு பெருங் குறைகள் இருந்தன. ஒரு செயலி தான் பெற்ற நேரத்தைத் தானாக விட்டுக்கொடுத்தாலன்றி அடுத்த செயலிக்கு வாய்ப்புக் கிட்டாது என்பது ஒன்று. ஒரு செயலியின் நினைவகத்துக்கும் மற்றொன்றின் நினைவகத்துக்கும் இடையில் வேலி இல்லை என்பது மற்றொன்று. அதனால் ஒரு செயலி தடுமாறி விழுந்தால் கணினி முழுவதுமே செயலற்றுப் போகக்கூடும். எழுதிக்கொண்டிருந்தவரின் உழைப்பும் அதனோடு போய்விடும்.

இக்குறைகளை நீக்கும் பொருட்டு 1994ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டதே ‘கொப்லண்ட்’ என்னும் திட்டம். அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கொப்லண்டின் பெயரை அது தாங்கியிருந்தது. காத்திருந்தோர் மகிழ்ந்தனர். ஆயின், அடித்தளத்தைச் செப்பனிடும் வேலை முடியுமுன்னரே அதன்மீது புதுப்புது அம்சங்கள் ஏற்றப்பட்டன. தோற்றத்தை விருப்பம்போல் மாற்றும் வசதி வேண்டும்; விரைந்து தேடும் வசதி வேண்டும்; பழைய செயலிகள் யாவும் பழுதின்றி ஓடவும் வேண்டும். ஒவ்வொரு வாக்குறுதியும் தனித்தனியே நோக்கின் நியாயமானதே. யாவும் சேர்ந்தபோது சுமை தாங்கவியலாததாயிற்று. குறித்த காலம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. 1996ஆம் ஆண்டு தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்ற எலன் ஹன்கொக் நிலைமையை ஆராய்ந்தார். திட்டம் நிறைவேறாது எனக் கண்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொப்லண்ட் கைவிடப்பட்டது.

தானே கட்ட முடியாத அடித்தளத்தை அப்பிள் வெளியிலே தேடிற்று. அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் 1985ஆம் ஆண்டு அதிலிருந்து விலகி, ‘நெக்ஸ்ட்’ என்னும் வேறொரு நிறுவனத்தை நிறுவியிருந்தார். அந்நிறுவனத்தின் பணிசெயல் முறைமை, யுனிக்ஸ் என்னும் பழம்பெரும் முறைமையை அடியாகக் கொண்டது. நினைவகத்துக்கு வேலியிடும் ஏற்பாடும், நேரத்தைத் தானே பங்கிடும் ஏற்பாடும் அதில் முன்பே அமைந்திருந்தன. 1996 டிசம்பர் 20ஆம் நாள் அதனை வாங்குவதாக அப்பிள் அறிவித்தது. விலை ஏறத்தாழ 40 கோடி டொலர். கொப்லண்டிற்கெனச் செய்யப்பட்டவற்றுட் சில, 1997 யூலையில் வந்த ‘மக் ஓஎஸ் 8’ இல் இடம் பெற்றன. புதிய அடித்தளத்தின்மீது எழுந்த ‘மக் ஓஎஸ் எக்ஸ்’ 2001 மார்ச் 24ஆம் நாள்தான் கைக்கு வந்தது. சிஸ்டம் 7 தோன்றி ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

வந்தபோதும் அது முழுநிறைவுடையதாக வரவில்லை. மெதுவாக இயங்கிற்று, டிவிடி தட்டுகளை ஓட்டிப் பார்க்கும் வசதிகூட அதிலில்லை. ஆயினும் அதன் அடித்தளம் உறுதியானது. ஒரு செயலி விழுந்தால் அது மட்டுமே விழுந்தது. ஏனையவை தம் வேலையைத் தொடர்ந்தன. குறைகள் அடுத்தடுத்த பதிப்புகளில் ஒவ்வொன்றாக நிரப்பப்பட்டன. 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஐபோனும் அவ்வடித்தளத்தின் வழித்தோன்றலையே தாங்கி வந்தது.

அப்பிள் கற்ற இப்பாடத்தை அதன் போட்டியாளராகிய மைக்ரோசொப்ட் நிறுவனமும் சில ஆண்டுகளின் பின் தன் செலவிலேயே கற்க நேர்ந்தது. விண்டோஸ் என்னும் அதன் பணிசெயல் முறைமை உலகின் மிகப் பெரும்பாலான மேசைக் கணினிகளில் இயங்கிற்று. 1995 ஓகஸ்ட் 24ஆம் நாள் ‘விண்டோஸ் 95’ விற்பனைக்கு வந்தபோது, நள்ளிரவிலேயே கடைவாயில்களில் மக்கள் வரிசையாக நின்றனர். மென்பொருள் ஒன்றுக்காக அவ்வாறு காத்து நின்றமை அக்காலத்தில் வியப்போடு பேசப்பட்டது. 2001 ஒக்டோபர் 25ஆம் நாள் ‘விண்டோஸ் எக்ஸ்பி’ வந்தது. அதற்கு அடுத்ததாகச் சிறியதொரு பதிப்பு விரைவில் வருமென்று திட்டமிடப்பட்டது. அதற்கு இடப்பட்ட மறைபெயர் ‘லோங்ஹோர்ன்’. கனடாவின் விஸ்லர் மலையடிவாரத்திலுள்ள ஒரு மதுச்சாலையின் பெயர் அது. மலையிலிருந்து மலைக்குச் செல்லும் வழியில் சிறிது தங்கிச் செல்லுமிடம் என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியிருந்தது. எக்ஸ்பிக்கு மறைபெயராக இருந்தது விஸ்லர் மலை. அதன்பின் வரவிருந்த பெரும் பதிப்புக்கு மறைபெயராக இருந்தது அண்டை மலையாகிய பிளாக்கொம்.

இடைத்தங்கலாக எண்ணப்பட்டது நாளடைவில் மலையாகவே வளர்ந்துவிட்டது. 2003 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே மென்பொருள் ஆக்குவோர் மாநாட்டில், லோங்ஹோர்ன் மூன்று தூண்களின்மீது நிற்குமென்று அறிவிக்கப்பட்டது. திரையில் உருவங்களைப் புதிய முறையில் தீட்டும் ‘அவலோன்’ ஒன்று. கணினிகள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கான ‘இண்டிகோ’ மற்றொன்று. மூன்றாவது, ‘வின்எஃப்எஸ்’ என்னும் சேமிப்பு முறை. மக்களின் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது இம்மூன்றாவதே. அதுவரை ஒரு கடிதம் எந்தக் கோப்புறையில் வைக்கப்பட்டதென்று நினைவில் வைத்திருத்தல் வேண்டும். வின்எஃப்எஸ் முறையிலோ, கடிதம், நிழற்படம், முகவரி யாவும் ஒரு தரவுத்தளத்திற்போல ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கப்படும். இன்னார் அனுப்பிய கடிதங்கள், இன்னார் இடம்பெற்ற படங்கள் என்று கேட்டவுடன் அவை வந்து நிற்கும். இதனையொத்த ஒரு கனவை 1990களின் தொடக்கத்திலேயே ‘கெய்ரோ’ என்னும் பெயரில் அந்நிறுவனம் வெளியிட்டிருந்தது, அதுவும் கைகூடவில்லை.

இதனிடையே எதிர்பாராத ஓர் அலை எழுந்தது. 2003 ஓகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்னும் கணினிப் புழு வலையமைப்புகளின் வழியே பரவி, எண்ணற்ற விண்டோஸ் கணினிகளைத் தாக்கியது. பாதுகாப்பே முதற்கடமை என்று பில் கேட்ஸ் 2002 ஜனவரியிலேயே தம் ஊழியர்க்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். இப்போது அது தட்டிக்கழிக்க முடியாத கடமையாயிற்று. புதியதைக் கட்டவேண்டிய பொறியியலாளர் பலர் பழையதைக் காக்கச் சென்றனர். அவர்கள் உழைப்பால் 2004 ஓகஸ்டில் எக்ஸ்பிக்குரிய இரண்டாம் சேவைத் தொகுப்பு வெளிவந்தது. தீச்சுவர் என்னும் காப்பரணை அது இயல்பாகவே இயங்கச் செய்தது. அதே மாதம் 27ஆம் நாள், வின்எஃப்எஸ் லோங்ஹோர்னுடன் வராது என்ற அறிவிப்பும் வந்தது. அதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டு, ‘விண்டோஸ் சேர்வர் 2003’ என்பதனை அடியாகக் கொண்டு வேலை புதிதாகத் தொடங்கிற்று. வின்எஃப்எஸ் தனியாக வருமென்ற நம்பிக்கையும் 2006 யூனில் முடிவுற்றது. அவலோனும் இண்டிகோவும் வந்தன. ஆனால் அவை எக்ஸ்பி வைத்திருந்தோருக்கும் வழங்கப்பட்டமையால், அவற்றுக்கென்று புதிய பதிப்பை வாங்கவேண்டிய தேவை குன்றிற்று.

லோங்ஹோர்ன் ‘விண்டோஸ் விஸ்டா’ என்னும் பெயருடன் 2007 ஜனவரி 30ஆம் நாள் பொதுமக்களைச் சென்றடைந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தோர் அதனை ஏமாற்றத்துடனேயே பார்த்தனர். அது வேண்டிய நினைவகம் பல கணினிகளில் இருக்கவில்லை. பழைய அச்சுப்பொறிகள் பல அதனோடு இணங்கவில்லை. அடிக்கடி தோன்றி அனுமதி கேட்கும் சாளரம் பொறுமையைச் சோதித்தது. நிறுவனங்கள் பல எக்ஸ்பியையே தொடர்ந்து வைத்திருந்தன. அதற்குரிய ஆதரவு 2014 ஏப்பிரல் 8ஆம் நாள் வரை நீண்டது.

ஆயினும் வரலாற்றின் தீர்ப்பு அத்துடன் முடியவில்லை. வெறுக்கப்பட்ட அந்த அனுமதிச் சாளரம், கணினியின் முழு அதிகாரத்தையும் ஒவ்வொரு செயலிக்கும் திறந்துவிடும் பழைய வழக்கத்துக்கு முடிவு கட்டிற்று. செயலிகள் நினைவகத்தில் அமரும் இடத்தை மாற்றி மாற்றி வைத்து, தாக்குவோரைத் திகைக்கச் செய்யும் ஏற்பாடும் அதனுடன் வந்தது. 2009 ஒக்டோபர் 22ஆம் நாள் வெளிவந்து எங்கும் பாராட்டப்பட்ட ‘விண்டோஸ் 7’ இவ்வடித்தளத்தின்மீதே எழுந்தது. விஸ்டாவின் உள்ளெண் 6.0, விண்டோஸ் 7இன் உள்ளெண் 6.1. மக்கள் தூற்றியதும் போற்றியதும் ஒரே மனையின் இரு நிலைகளே என்பதற்கு அவ்வெண்களே சான்று.

இலங்கையர்க்கும் தமிழர்க்கும் இவ்வரலாற்றில் நேரான தொடர்பொன்று உண்டு. முன்னர் கணினியில் தமிழெழுதுவோர் ‘பாமினி’ முதலான எழுத்துருக்களை நம்பியிருந்தனர். ஒருவர் எழுதிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளித்தது. 1991ஆம் ஆண்டிலேயே யுனிகோட் என்னும் உலகக் குறியீட்டுத் திட்டத்தில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் இடம் கிடைத்தல் மட்டும் போதாது. ‘கொ’ என்னும் எழுத்தை நோக்குக: மெய்யின் பின்னர் ஒலிக்கும் உயிருக்குரிய குறி, எழுத்திலே மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ஒலிமுறையில் சேமித்ததை எழுத்துமுறையில் அடுக்கிக் காட்டுதல் பணிசெயல் முறைமையின் கடமை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த ‘விண்டோஸ் 2000’ இக்கடமையைத் தமிழுக்கு ஏற்றது. ‘லதா’ என்னும் எழுத்துருவும் அதனுடன் வந்தது. சிங்கள மொழிக்கு இவ்வாய்ப்பு ‘இஸ்கோலபொத்த’ என்னும் எழுத்துருவோடு விஸ்டாவிலேயே இயல்பாக அமைந்தது. முன்பு தனியே நிறுவவேண்டியிருந்த தமிழெழுத்து ஆதரவும் விஸ்டாவில் தானாகவே கிடைத்தது. உலகெங்கும் பழிக்கப்பட்ட ஒரு பதிப்பு, இத்தீவின் இரு மொழிகளுக்கும் ஒரே பொறியில் சமமான இடத்தை அமைதியாகத் தந்தது. மாநாட்டு மேடையில் நாட்டப்பட்ட மூன்று தூண்களுள் அதற்கு இடமிருக்கவில்லை.

கொப்லண்டும் லோங்ஹோர்னும் ஒரே உண்மையை இருமுறை உரைக்கின்றன. அடித்தளம் ஆயத்தமாகுமுன் அறிவிக்கப்படும் புதுமைகள், கட்டுவோரைக் கடன்காரராக்குகின்றன. காத்திருப்போரின் நம்பிக்கையைத் தேய்க்கின்றன. ஆகவே, புதிய பதிப்பு வருகின்றதென்று கேட்பவர், புதிதாக என்ன தோன்றும் என்று வினவுவதோடு நில்லாமல், உள்ளே எது மாறுகிறது, பழைய கோப்புகள் திறக்குமா, இருக்கும் பொறி அதனைத் தாங்குமா, எத்தனை ஆண்டு ஆதரவு கிடைக்கும் என்றும் வினவுதல் வேண்டும். ‘விண்டோஸ் 10’ இற்குரிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றபோது இவ்வினாக்கள் மீண்டும் எழுந்தன. 2021ஆம் ஆண்டு வந்த ‘விண்டோஸ் 11’ தனிப்பட்ட பாதுகாப்புச் சில்லு ஒன்றை வேண்டி நிற்பதால், நன்றாக இயங்கும் பழைய கணினிகள் பல அதற்குத் தகுதி பெறவில்லை. பள்ளிக்கூடத்திலும் சிறு கடையிலும் அத்தகைய ஒரே கணினியை வைத்திருப்பவருக்கு, அறிவிப்பிலுள்ள புதுமைகளின் நீண்ட பட்டியலைவிட, தம் பொறிக்கு அதில் இடமுண்டா என்பதே முதற் கேள்வி.