மகளிரும் டிரையத்லானும்

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓடினர். அத்தூரம் பெண்ணுடலுக்கு ஒவ்வாதெனக் கூறி, 1960 வரை அப்போட்டி விலக்கி வைக்கப்பட்டது. மகளிர் மாரத்தான் 1984இல்தான் இடம்பெற்றது.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் இடைவிடாது தொடரும் டிரையத்லானோ, ஒலிம்பிக்கில் நுழைந்தபோதே இருபாலார்க்கும் ஒரே தூரத்தை வகுத்தது: முறையே 1.5, 40, 10 கிலோமீட்டர். 2000 செப்டம்பர் 16இல் சிட்னியில் மகளிரே முதலில் களமிறங்கினர். சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மக்மான், ஆஸ்திரேலியாவின் மிஷெலி ஜோன்சை இரண்டு வினாடி வேறுபாட்டில் வென்றார். ஆடவர் போட்டி மறுநாள்தான் நடந்தது. ஆகவே, இவ்விளையாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் ஒரு பெண்ணுக்கே உரியதாயிற்று.

‘உன்னால் இயலாது’ என்று ஒரு மாணவியிடம் கூறுமுன், ஆசிரியர்கள் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம்.