சொல்ல ஆளில்லாத பிள்ளைகள்

பிரெஞ்சு டைரக்டர் ஆந்த்ரே கயாத் முன்பு வக்கீலாக இருந்தவர். 1954-இல் வெளிவந்த அவருடைய படம் 'பிரளயத்துக்கு முன்'. யுத்த பயத்தால் தொலைவிலுள்ள ஒரு தீவுக்கு ஓடிவிட எண்ணும் பிள்ளைகள், வழிச்செலவுக்காகத் திருடப் போகிறார்கள், காவல்காரன் செத்துப்போகிறான். பிறகு, காட்டிக்கொடுத்துவிட்டான் என்று சந்தேகித்துத் தங்கள் தோழனையே கொல்கிறார்கள். கயாத் குற்றம் சாட்டுவது பெற்றோரை.

பிள்ளை செய்த குற்றத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி நம் சென்னை ராஜதானிக்குப் பழையது. 1887-இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. 1920-இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டந்தான் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. சிறுவனைக் கூடியவரை ஜெயிலுக்கு அனுப்பாதே என்பது அதன் நோக்கம். 2015-ஆம் ஆண்டுச் சட்டமோ, 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவனைப்போல் விசாரிக்கவும் இடம் வைத்தது.

இந்த வயதுக் கணக்கைப் படிக்கும்போது, ஒரு காலத்தில் எங்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கைமடிக்க வந்த சிறுவர்களே என் நினைவுக்கு வருகிறார்கள். பெற்றோர் எங்கோ ஊரில். வேலை முடிந்தால் பேச்சுத்துணைக்குச் சகவயதுப் பையன்கள்தாம். அவர்களில் ஒருவன் தவறியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்? படத்தில் அந்தத் தோழன் செத்ததற்கும், நடந்ததைச் சொல்ல நம்பகமான ஒரு பெரியவர் இல்லாததே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வயதைக் கேட்கும் சட்டம் அந்தப் பெரியவரையும் கொஞ்சம் தேட வேண்டாமா?