அடியை யார் வாங்குறது? சைக்கிள் ஷாக் அப்சார்பரின் வரலாறு – ஒரு நீண்ட த்ரெட்

1/
போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பையன், வயசு 17, தோளைப் பிடிச்சுக்கிட்டு தி.நகர் வீட்டு வாசலில் வந்து நின்னான். பல்லாவரம் பக்கம் ஒரு பழைய கல்குவாரி சரிவில் சைக்கிளோடு விழுந்திருக்கான். எக்ஸ்ரே எடுத்தோம். இடது காறை எலும்பு முறிவு.

2/
கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி விட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றி இல்லை. "மாமா, சைக்கிள்ல முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் இருக்கு. அப்புறம் எப்படி என்னைத் தூக்கிப் போட்டுச்சு?"

நல்ல கேள்வி. பதில் 140 வருஷ வரலாற்றில் இருக்கு. ஒரு காபியோட உட்காருங்க, சொல்றேன்.

3/
முதல்ல நம்ம ஊர். இன்னைக்கு பாண்டி பஜார் இருக்கிற நிலம் 100 வருஷத்துக்கு முன்னாடி ஏரி. மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த அந்த ஏரியை 1920களில் வற்ற வெச்சுத்தான் இந்த நகரை உருவாக்கினாங்க. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயர் பெயரை வெச்சாங்க. ஏரிப் படுகை என்பதால் தரை தட்டையா இருக்கும். ஏற்றம் வேணும்னா மேம்பாலம்தான்!

4/
இப்படிப்பட்ட ஊரில் மலைச் சைக்கிள் எதுக்குன்னு கேட்கலாம். ஆனா தோண்டிப் போட்ட ரோடும், அளவே இல்லாத ஸ்பீடு பிரேக்கரும் இருக்கிற வரைக்கும் பசங்களுக்கு "டபுள் ஷாக்கர்" மேல ஆசை போகாது. தவிர, பல்லாவரம், வண்டலூர் தாண்டினா பாறையும் சரிவும் உண்டு. ஏலகிரி, ஏற்காடு, ஊட்டி எல்லாம் ஒரு இரவுப் பயணம்தான். ஆசையில் தப்பில்லை. வண்டியை முதல்ல புரிஞ்சுக்கணும்.

5/
வரலாறு 1860களின் பாரிஸில் ஆரம்பிக்குது. மரச்சக்கரம், அதைச் சுத்தி இரும்புப் பட்டை, முன் சக்கரத்திலேயே பெடல். கல் பாவிய தெருவில் இதை ஓட்டினவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. இங்கிலாந்துக்காரங்க வெச்ச பட்டப்பெயர் "எலும்புக் குலுக்கி". ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச பெயர் இது. அடி முழுவதையும் வாங்கினது முதுகெலும்பு.

6/
அடுத்து, 1870களில் பெரிய முன் சக்கரம் வெச்ச வண்டி. பழைய படங்களில் பார்த்திருப்பீங்க. அந்தப் பெரிய சக்கரத்தில் ஒரு விஷயம் இருந்தது. சக்கரம் பெருசானா சின்னப் பள்ளத்தில் விழாம அது மேலேயே உருண்டு போயிடும். ஆனா ஓட்டுறவர் அவ்வளவு உயரத்தில் இருந்து தலைகுப்புற விழுந்தார். சொகுசு கிடைச்சுது, பாதுகாப்பு போச்சு.

7/
1885இல் கோவென்ட்ரியில் ஜே.கே. ஸ்டார்லி "ரோவர்" சைக்கிளைக் கொண்டுவந்தார். ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். இன்னைக்கு நாம ஓட்டுறதோட தாத்தா. விழுற பயம் குறைஞ்சுது. ஆனா சக்கரம் சிறுசாச்சு, டயர் கெட்டி ரப்பர். குலுக்கல் திரும்ப வந்துடுச்சு.

8/
இப்ப ஆச்சரியமான ஒரு தகவல். அதே 1885 வாக்கில் லின்லி அண்ட் பிக்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் "விப்பெட்" என்று ஒரு சைக்கிள் செஞ்சுது. சீட், ஹேண்டில்பார், பெடல் மூணையும் ஒரே துண்டாக்கி, சக்கரங்களில் இருந்து ஸ்பிரிங் வெச்சுப் பிரிச்சாங்க. அதாவது, முழு சஸ்பென்ஷன் சைக்கிள் 1880களிலேயே வந்தாச்சு! "லேட்டஸ்ட் டெக்னாலஜி"ன்னு கடையில் சொன்னா சிரிச்சுக்கோங்க.

9/
அப்புறம் ஏன் காணாமப் போச்சு? காரணம் ஒரு கால்நடை மருத்துவர். 1888, பெல்ஃபாஸ்ட். ஜான் பாய்ட் டன்லப் தன் மகனோட மூணு சக்கர சைக்கிளுக்குக் காத்தடைச்ச ரப்பர் குழாயைச் சுத்தி விட்டார். (ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனா உலகம் அதை மறந்துபோச்சு.)

10/
காத்து டயர் வந்ததும் ஸ்பிரிங் சட்டத்துக்கு வேலை போச்சு. எடை குறைவு, விலை குறைவு, வேகம் அதிகம். அடுத்த 100 வருஷம் சாதாரண சைக்கிளுக்கு இருந்த ஒரே ஷாக் அப்சார்பர் டயருக்குள்ள இருந்த காத்துதான். 1962இல் அலெக்ஸ் மோல்டன் சின்னச் சக்கர சைக்கிளில் ரப்பர் சஸ்பென்ஷன் வெச்ச மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. ஆனா பெரும்போக்கு மாறல.

11/
நம்ம ஊருக்கு வருவோம். 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. அம்பத்தூரில் தொழிற்சாலை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள் இல்லாத தெரு தமிழ்நாட்டில் இருந்ததா? பால்காரர், தபால்காரர், வாத்தியார், எங்க அப்பா எல்லாரும் அதில்தான் போனாங்க.

12/
அந்தக் கறுப்புச் சைக்கிளை இப்ப ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. சீட்டுக்கு அடியில் ரெண்டு பெரிய ஸ்பிரிங். 28 இஞ்ச் சக்கரம். அதோட ரிம் விட்டம் 635 மி.மீ. இன்னைக்கு லட்ச ரூபாய் மலைச் சைக்கிளில் "29 இஞ்ச்" என்று விற்கிற சக்கரத்தின் ரிம் 622 மி.மீ.தான். ஆமா, தாத்தா சைக்கிளோட ரிம்தான் பெருசு.

13/
இன்னொண்ணு. முன் ஃபோர்க் நல்லா முன்னாடி சாய்ஞ்சு இருக்கும், தரையில் இருந்து 66, 67 டிகிரி அளவில். இப்ப வர்ற ட்ரெயில் பைக்கும் 65, 66 டிகிரி பக்கம்தான். சக்கரம் எவ்வளவு முன்னாடி தள்ளி இருக்கோ, மோசமான பாதையில் வண்டி அவ்வளவு தடுமாறாம போகும். மோசமான ரோட்டுக்காக உருவான வடிவம் அது. நாமதான் "பழசு"ன்னு ஓரங்கட்டினோம்.

14/
அதே சென்னையில் இன்னொரு கதை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தாங்க. திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு வேர்விட்டது. அந்த வண்டியில் பின்னாடி ஆடும் கை, அதோட எண்ணெய் அடைச்ச ஷாக் அப்சார்பர், எல்லாம் இருந்தது. மோட்டார் பைக்குக்கு 1950களில் கிடைச்சது சைக்கிளுக்கு 1990கள் வரைக்கும் ஏன் கிடைக்கல?

15/
காரணம் எளிமையானது. புல்லட் இன்ஜின் ஆயிரக்கணக்கான வாட் சக்தி தரும். ஒரு சாதாரண மனுஷனோட கால் தொடர்ந்து தர முடிஞ்சது 100, 150 வாட்தான். ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழுந்தா, அந்த 100 வாட்டிலும் ஒரு பங்கு வீண். கூடுதல் எடை வேற. இன்ஜினுக்கு அது பொருட்டே இல்லை, தொடைக்கு உறைக்கும்.

16/
மாற்றம் கலிஃபோர்னியாவில் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் கவுன்டி. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்ற பசங்க 1930, 40களின் குண்டு டயர் சைக்கிள்களை எடுத்துக்கிட்டு மலைச் சரிவில் இறங்கினாங்க. 1976 அக்டோபர் 21 அன்று முதல் "ரீபேக்" போட்டி. ஒரு தடவை இறங்கினாலே பிரேக் ஹப்பில் இருக்கிற கிரீஸ் புகையாப் போயிடும், திரும்ப அடைக்கணும். அதனால்தான் அந்தப் பெயர்.

17/
1977இல் ஜோ பிரீஸ் இதுக்குன்னே சட்டம் செஞ்சார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்து, மலைச் சைக்கிள் கடைக்கே வந்துடுச்சு. இதுவரைக்கும் ஷாக் அப்சார்பர் கிடையாது. அடி வாங்கினது குண்டு டயரும், ஓட்டுறவரோட முழங்கை, முழங்காலும்தான்.

18/
1989இல், மோட்டோகிராஸ் அனுபவம் உள்ள பால் டர்னர் "ராக்ஷாக்ஸ்" ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். அமுங்குறது வெறும் 5 செ.மீ. அளவுதான். உள்ளே காத்தும் எண்ணெயும். 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் இந்த ஃபோர்க்கோடு சரிவுப் போட்டியை ஜெயிச்சார். அதுக்கப்புறம் யாரும் கேலி பண்ணல.

19/
இதில் முக்கியமான சொல் எண்ணெய். பேங்க், கிளினிக் கதவு மேல ஒரு டோர் க்ளோசர் இருக்கும், பார்த்திருப்பீங்க. உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் உண்டு. கதவை மூடுறது ஸ்பிரிங். மெதுவா மூட வைக்கிறது சின்ன ஓட்டை வழியா ஓடுற எண்ணெய். எண்ணெய் ஒழுகிப்போனா என்ன ஆகும்? கதவு டமார்னு அடிக்கும். ஸ்பிரிங் அடியைக் குறைக்கிறது இல்லை, வாங்கி வெச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கும். அதைக் கரைக்கிறது எண்ணெய்தான்.

20/
பின் சக்கரம் இன்னும் சிக்கல். மிதிச்சாலும் பிரேக் பிடிச்சாலும் பின் பகுதி தானா இறுகும், ஆடும். ஆஸ்திரியாவில் பிறந்த மோட்டார் பைக் பந்தய வீரர் ஹோர்ஸ்ட் லைட்னர் 1990களில் இதுக்கு வழி சொன்னார். பின் அச்சுக்குச் சற்று முன்னாடி இன்னொரு மூட்டு வெச்சார். நம்ம கணுக்கால் மாதிரி. மிதிக்கிற விசையும் பிரேக் விசையும் சஸ்பென்ஷனைக் கெடுக்கிறது குறைஞ்சுது. 1998இல் ஸ்பெஷலைஸ்டு அந்தக் காப்புரிமையை வாங்கியது.

21/
ஆக ஸ்பிரிங், எண்ணெய், மூட்டு. மூணும் சேர 100 வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப அக்கா பையன் கேள்விக்கு வரேன்.

அவன் சைக்கிளைப் பார்த்தேன். பின்னாடி பளபளன்னு சிவப்பு ஸ்பிரிங். சீட்டை அமுக்கி விட்டேன். டொய்ங் டொய்ங்னு மூணு தடவை குதிச்சுது. உள்ளே எண்ணெயே கிடையாது. அவன்கிட்ட இருந்தது 1885, ஸ்டிக்கர் மட்டும் புதுசு.

22/
சரிவில் உட்கார்ந்தபடியே ஒரு பாறைப் படியில் இறங்கியிருக்கான். பின் ஸ்பிரிங் அமுங்கி, வாங்கின அடி மொத்தத்தையும் சீட் வழியா அவன் இடுப்புக்கே திருப்பிக் கொடுத்திருக்கு. பயத்தில் முன் பிரேக்கையும் பிடிச்சிருக்கான். ஹேண்டில்பாருக்கு மேல பறந்து, தோள்பட்டை தரையில். காறை எலும்புக்கு வேற வழி இல்லை.

23/
வாங்க நினைக்கிறவங்களுக்கு:
– கடையில் சீட்டை அமுக்கி விடுங்க. நிதானமா எழுந்து நிக்கணும். குதிச்சா வேண்டாம்.
– எண்ணெய் டேம்பர் உள்ள முழு சஸ்பென்ஷன் ட்ரெயில் பைக் விலை லட்சத்தைத் தாண்டும். பட்ஜெட் அதுக்குக் கீழேன்னா, முன்னாடி மட்டும் நல்ல ஃபோர்க், டிஸ்க் பிரேக் உள்ள வண்டி போதும். மலிவான டபுள் ஷாக்கரை விட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.
– ட்ரெயில் ஓட்ட 120 முதல் 150 மி.மீ. வரை அமுங்குற வண்டி போதும்.

24/
வாங்கினவங்களுக்கு: மருந்து டோஸ் மாதிரி, இதுவும் உங்க எடைக்குத்தான் அமைக்கணும். வண்டியில் ஏறி நின்னதும் பின் ஷாக் 25 முதல் 30 சதவீதம் அமுங்கணும். ஷாக்கின் நீளப் பயணம் 50 மி.மீ. என்றால் 15 மி.மீ. முன் ஃபோர்க் 15 முதல் 20 சதவீதம். காத்து அடிக்க ஷாக் பம்ப் தனியா வேணும். சாதாரண பம்ப் ஆகாது. நடைபாதை விளிம்பில் இருந்து உட்கார்ந்தபடி மெதுவா இறங்கிப் பாருங்க. ஒரு தடவை எழுந்து அடங்கினா சரி. ரெண்டு, மூணு தடவை ஆடினா ரீபவுண்ட் திருகை மெதுவாக்குற பக்கம் திருப்புங்க.

25/
ஓட்டும்போது: சரிவில் உட்காராதீங்க. ரெண்டு பெடலும் சமமா, எடை காலில், கை லேசா, முழங்கை மடங்கி, பார்வை தூரத்தில். சீட்டை முன்கூட்டியே இறக்கிடுங்க. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சு மணிக்கணக்கா ஓட்டினா மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகும். உள்ளங்கை ஓரமா போற அல்னார் நரம்பு அமுங்குறதுதான் காரணம். பிடியைத் தளர்த்தி, கையை மாத்தி மாத்தி வையுங்க. ஓய்வெடுத்தும் மரப்பு போகலைன்னா டாக்டரைப் பாருங்க.

26/
140 வருஷமா பொறியாளர்கள் கேட்டுக்கிட்டே இருக்கிறது ஒரே கேள்விதான்: அடியை யார் வாங்குறது? எலும்பா, காத்தா, ஸ்பிரிங்கா, எண்ணெயா? எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒரு பங்கு உங்க முழங்கால், முழங்கைக்குத்தான் வரும். அதுதான் இருக்கிறதிலேயே நல்ல ஷாக் அப்சார்பர். காசும் கிடையாது.

27/
பையனுக்கு எலும்பு நல்லா கூடிட்டு வருது. இன்னும் சில வாரம் சைக்கிள் கிடையாது. அதுவரைக்கும் அப்பாவோட பழைய ஹெர்குலிஸைத் துடைச்சு, எண்ணெய் போட்டு வெச்சிருக்கான். கை சரியானதும் முதல் ரவுண்டு பனகல் பார்க்கைச் சுத்தி அதில்தானாம். 635 மி.மீ. ரிம்ல!

அவன் தலை தப்பிச்சது ஹெல்மெட்டால். அதில் மட்டும் சமரசம் வேண்டாம்.