வயிற்றில் போடும் ஊசி போகும் வழி

தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்துக்கொண்டு செவிலியர் ஊசியைச் செருகுகிறார். சின்ன சிரிஞ்சு, உள்ளே 0.4 மில்லி மருந்து, கூடவே ஒரு காற்றுக் குமிழி. அந்தக் குமிழியை வெளியேற்றுவதில்லை. போட்ட இடத்தைத் தேய்ப்பதுமில்லை, தேய்த்தால் கன்றிவிடும். ஐ.சி.யூ.வில் அசையாமல் கிடப்பவரின் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கப் போடும் எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம் ஊசி இது.

பிறந்த இடம் பன்றிக்குடல். குடலின் உட்சவ்விலிருந்து ஹெப்பாரினைப் பிரித்து, அதன் நீளமான சங்கிலிகளைக் காரத்தால் துண்டாக்கினால் எனாக்ஸபாரின் கிடைக்கிறது. தாய்ச்சரக்கான ஹெப்பாரினின் கதை 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்கியது. ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிய ஜே மெக்லீன் என்ற மாணவருக்கு, உறையவிடாத பொருள் அகப்பட்டது.

தோலடியிலிருந்து ரத்தத்தில் ஏறும் மருந்து மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். அதன் பிறகு வெளியேற அதற்கு முக்கிய வாசல் சிறுநீரகம்தான். தாய் ஹெப்பாரினை ரத்தக்குழாய்ச் சுவரே பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும். துண்டுகளுக்கு அந்த வசதி குறைவு. சிறுநீரகம் சோர்ந்தால் நேற்றைய ஊசி தீர்வதற்குள் இன்றைய ஊசி வந்து சேர்கிறது. வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசிவது இப்படித்தான்.

75 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் வெளியேற்றும் தசைக்கழிவான கிரியாட்டினின் 1.2. ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் 'பரவாயில்லை' என்பார். வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும், 1976இல் வந்த காக்ராஃப்ட்-கால்ட் கணக்கைப் போட்டால், சிறுநீரகம் நிமிடத்துக்கு சுமார் 29 மில்லிதான் வடிகட்டுகிறது. 30க்குக் கீழே போனாலே அளவைக் குறைக்க வேண்டும். தடுப்புக்கான 40 மில்லிகிராம், 30 அல்லது 20 ஆகும். சிகிச்சைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் இரு வேளை போடுவது ஒரு வேளையாகும்.

ஐ.சி.யூ.வில் இந்தக் கணக்கும் ஏமாற்றும். சிறுநீரகம் இன்று நின்றால் கிரியாட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். தசை கரைந்தவருக்கு அது ஏறாமலே இருக்கலாம். அதனால் என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டுக்கு முன்னால், சிறுநீர் சேகரிக்கும் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். விபத்தில் அடிபட்டு வந்த இளைஞருக்கு நிலைமை நேர்மாறாகவும் இருக்கும். சிறுநீரகம் 130 மில்லிக்கு மேல் வேகமெடுத்து மருந்தைச் சீக்கிரமே வெளியேற்றிவிடும், 40 போதாமல் போகும். சந்தேகம் வந்தால், ஊசி போட்டு நாலு மணி நேரத்தில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆன்டி-டென்-ஏ அளவு பார்க்கலாம். ரத்தம் கட்டாமல் தடுக்கப் போடும் அளவுக்குப் பொதுவாக 0.2 முதல் 0.5 வரை இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவரை ஐ.சி.யூ.வில் சேர்க்க நேர்ந்தால், பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். கடைசியாகப் பார்த்த எடையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.