பஹணிக்குள் ஒரு காடு

பெங்களூரின் சொந்த மரஞ்செடிகளை எங்கே பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் லால்பாக் பெயரைச் சொல்வதில்லை. தாலுகா அலுவலகத்துக்குப் போய்ப் பஹணியைப் பாருங்கள் என்பேன். கேட்டவர் சிரிப்பார். தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல் என்று இருப்பதைப்போல இங்கே நிலத்துக்குப் பஹணி. கோமாளம், கராபு, காவல், குண்டுதோப்பு என்று அதில் எழுதப்பட்ட நிலங்கள் எவையோ, அங்கேதான் இந்த மாவட்டத்தின் பழைய செடிகள் தங்கியிருக்கின்றன. கோமாளம் என்றால் மேய்ச்சல் புறம்போக்கு. கராபு, உழவுக்கு ஆகாத நிலம். பட்டா போட்டு உழ முடிந்த இடங்களில் கேழ்வரகும் அவரையும் ஏறிவிட்டன, பிறகு அதே இடங்களில் வீடுகள் ஏறின. மிஞ்சிய இடங்களில் மிஞ்சியதைத்தான் நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிழக்கே விழுகிற மழை தென்பெண்ணையில் சேர்ந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, கடலூர் வரை போகிறது. மேற்கே விழுவது அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. அடியில் பழம்பாறை, மேலே மெல்லிய செம்மண். ‘தோட்ட நகரம்’ என்ற பட்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் இந்த மண்ணின் இயல்பான ஆடை முள்ளும் புதரும்தான். விராலி, களா, காரை, ஆவாரை, உசில், வெப்பாலை, அழிஞ்சில், இடையிடையே குட்டை ஈச்சம், கோடையில் தீப்பிடித்ததுபோல் பூக்கும் புரசு. பன்னேருகட்டா, சாவனதுர்கா பக்கம் போனால் இங்கே ஜாலாரி என்று சொல்லும் மரம் நிற்கும். சால மரத்துக்குப் பங்காளி. கோடை தொடங்கும்போது வெளிர்மஞ்சளாகப் பூத்து மணக்கும். அரக்குப் பூச்சி விரும்பி வாழும் மரம் என்பதால் ஒருகாலத்தில் அதற்கு வியாபார மதிப்பும் இருந்தது.

லால்பாகின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1760இல் ஹைதர் அலி போட்டார், திப்பு வளர்த்தார். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், இங்கே வந்த பிரான்சிஸ் புக்கானன் அந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சதுரம் சதுரமாகப் பாத்திகள், நடைபாதை ஓரத்தில் சைப்ரஸ் மரங்கள், ஒரு பாத்தி முழுக்க ரோஜா, இன்னொன்று முழுக்க மாதுளை. 1856இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமானது, அதற்கு யோசனை சொன்னவர் ஹியூ கிளெகார்ன். 1858இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் நியூ வந்தார், 1874இல் ஜான் கேமரன், 1908இல் ஜெர்மானியரான க்ரும்பிகல். ஒவ்வொருவரும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து எதையாவது கொண்டுவந்து வைத்தார்கள். மடகாஸ்கரிலிருந்து குல்மொஹர், தென்னமெரிக்காவின் ஜக்கரண்டா, ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக். ஒரு தெரு பூத்து ஓய்ந்தால் அடுத்த தெரு பூக்க வேண்டும் என்று மரங்களைத் தேர்ந்து வரிசை வைத்தவர் க்ரும்பிகல். தமிழ்நாட்டுச் சந்தையில் ‘பெங்களூர் கத்திரிக்காய்’ என்று விற்கும் சௌசௌகூட மத்திய அமெரிக்கக் கொடிதான், கேமரன் காலத்தில் லால்பாக் வழியாகப் பரவியது என்பார்கள். எனக்கு இந்த மரங்களின் மேல் பகை இல்லை. மார்ச் மாதத்தில் டபேபூயா பூத்தால் நானும் நின்று பார்ப்பேன். ஆனால் ஊரின் தாவர வரலாறு என்று யாராவது மேடை ஏறினால் இந்த நாலைந்து கண்காணிப்பாளர்களின் பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது தோட்டத்தின் வரலாறு, மண்ணின் வரலாறு இல்லை. கேமரனுக்கே அந்த வேறுபாடு தெரிந்திருந்தது. 1891இல் வெளிவந்த அவருடைய செடிப் பட்டியல் தோட்டத்தோடு நிற்காமல் சுற்றுப்புறத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

அந்தத் தோட்டங்களில் மண்ணைக் கொத்தியவர்களில் தமிழ் பேசும் திகளர்கள் முக்கியமானவர்கள். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். தர்மராயசுவாமி கோயில் கரகம் அவர்களுடைய திருவிழா. இன்று கண்டீரவா அரங்கம் இருக்கும் இடத்தில் முன்பு சம்பங்கி ஏரி இருந்தது. அதைச் சுற்றிக் காய்கறியும் பூவும் போட்டவர்கள் இவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏரியில் தண்ணீர் நிற்கட்டும் என்று தோட்டக்காரர்கள் ஒரு பக்கம் மனுப் போட, தண்ணீர் நின்றால் விளையாட்டு மைதானம் கெடும் என்று கன்டோன்மென்ட் எனும் தண்டுப் பகுதிக்காரர்கள் இன்னொரு பக்கம் நின்றார்கள். யார் வென்றார்கள் என்பதை அரங்கத்தைப் பார்த்தாலே தெரியும். ஏரி இருந்ததற்கு அடையாளமாக ஒரு சின்னக் குளம் மட்டும் இருக்கிறது, கரகத்தின்போது சடங்குக்கு அங்கே வருகிறார்கள். ஏரி போனபோது கரையோரத்துக் கோரையும் சம்பும் ஈரத்தில் முளைக்கும் பொன்னாங்கண்ணியும் கூடவே போயின. அதற்கெல்லாம் யாரும் மனுப் போடவில்லை.

ஊருக்கு வெளியே நிலைமை வேறு. கிராமத்துக்குக் கிராமம் ஒரு குண்டுதோப்பு இருந்தது. மா, பலா, நாவல், புளி, இலுப்பை, புங்கம், அத்தி, ஆல் எல்லாம் கலந்து நிற்கும் பொதுத் தோப்பு. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு இளைப்பாறுவார், திருவிழாவுக்குச் சமையல் அங்கேதான் நடக்கும், பழத்தை ஆண்டுதோறும் ஏலம் விட்டு ஊர்ப் பொதுவில் பணம் சேர்ப்பார்கள். இலுப்பை எண்ணெய் விளக்குக்கு. புங்கந்தழை கேழ்வரகு வயலுக்கு உரம், புங்கம்பிண்ணாக்கும் அப்படியே. புங்கத்தைக் கன்னடத்தில் ஹொங்கெ என்பார்கள். யுகாதியை ஒட்டித் தளிர்விட்டு, பிறகு பூவை உதிர்த்துத் தரையை மூடிவிடும். இந்திய அறிவியல் கழகத்தில் ஹொங்கெ எண்ணெயில் டீசல் எஞ்சினை ஓட்டிக்கூடக் காட்டினார்கள். குண்டுதோப்புகளைப் பற்றி ஹரிணி நாகேந்திரா, சீமா முண்டோலி போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பல தோப்புகள் பள்ளிக்கூடமாகவும் பேருந்து நிலையமாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. பஹணியில் மட்டும் சில இடங்களில் இன்னும் ‘தோப்பு’ என்றே எழுதியிருக்கும். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு ஊர்க்காரர்கள் வழக்காடி இடத்தை மீட்பதும் உண்டு.

தோப்பு ஓரத்திலும் வயல் வரப்பிலும் முளைப்பதைப் பறித்து விற்க ஹொசக்கோட்டெ பக்கத்திலிருந்து ஒரு அஜ்ஜி அல்சூர் சந்தைக்கு வருவார். ‘பெரக்கெ சொப்பு’, அதாவது கலவைக் கீரை, என்பது அவர் கொண்டுவரும் கட்டின் பெயர். பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, குப்பைக்கீரை என்று எத்தனை வகை அதில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் அஜ்ஜிக்குப் பிடிக்காது. “பாடம் நடத்தறதுன்னா காலேஜ்ல நடத்தும்மா, இங்க வாங்கிட்டுப் போய் பஸ்ஸாரு வை” என்பார். பஸ்ஸாரு என்பது கீரையும் பருப்பும் வேகவைத்து, வடித்த நீரில் சாறு வைத்து, கீரையைத் தனியே தாளிப்பது. களியோடு சாப்பிடுவார்கள். மழைக்குப் பிறகு வரும் கட்டுக்கும் கோடையில் வரும் கட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. என் மாணவர்களுக்குப் பருவத்தின் கணக்கைப் புத்தகத்தைவிட அந்தக் கட்டு நன்றாகக் கற்றுக்கொடுத்தது.

காவல் என்பது இன்னொரு வகை நிலம். மைசூர் அரசு தன் மாடுகளுக்காக ஒதுக்கிய புல்வெளி. பதினேழாம் நூற்றாண்டில் சிக்கதேவராஜ உடையார் ‘பெண்ணெ சாவடி’ என்ற துறையை வைத்தார், திப்பு அதற்கு அம்ருத மஹால் என்று பெயர் மாற்றினார். பீரங்கி இழுக்கும் மாடுகள் வந்த வழி அதுதான். ஜாரகபண்டெ காவல், பி.எம். காவல் என்று பெங்களூரைச் சுற்றி இன்றும் அந்தச் சொல்லைச் சுமக்கும் இடங்கள் உண்டு. மரம் இல்லாத இடம் வெறும் இடம் என்று நினைக்கும் அதிகாரிகள் இவற்றில் யூகலிப்டஸ் நட்டார்கள். ஹெசரகட்டா புல்வெளி மட்டும் பெரிதாகத் தப்பியது. ஊசிப்புல்லும் காவட்டம்புல்லும் அலையும் அந்த ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வெளியைப் பாதுகாப்புப் பகுதியாக்குவது பற்றிப் பல ஆண்டுகள் இழுபறி நடந்தது. அதே ஹெசரகட்டாவில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார்தான் பார்த்தீனியத்தைத் தின்ன மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைத் தருவித்து 1984இல் திறந்துவிட்டார்கள். பார்த்தீனியத்துக்கு இந்தப் பக்கத்துப் பெயர் காங்கிரஸ் செடி. வண்டு சாப்பிட்டது உண்மை, செடி ஒழியவில்லை என்பதும் உண்மை.

பாறைகளை யாரும் ஒதுக்கித் தரவில்லை, அவை தாமாகவே கராபு. லால்பாகுக்குள்ளேயே, கெம்பே கவுடர் கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது, தேசிய நிலவியல் சின்னம். தோட்டத்துக்கு நடுவே தோட்டக்காரர் கை படாமல் தப்பிய ஒரே துண்டு. கனகபுரா சாலையில் துரஹள்ளி, மாகடி பக்கம் சாவனதுர்கா ஆகியவை இதன் உறவுகள். ஜூலை, ஆகஸ்டில் பாறைக் குழிகளில் தேங்கும் ஒரு விரல் மண்ணில் என்னென்னவோ முளைக்கும். பாறை இடுக்கில் கள்ளிமுளையான். புதருக்குள் செங்காந்தள். நீர் கசியும் மணல் சரிவில் அழுகண்ணி, பசைத்துளியில் பூச்சியை ஒட்டவைத்துத் தின்னும் சின்னஞ்சிறு செடி. சித்த மருத்துவர்கள் தேடும் பொருள் என்பதால் அதன் இடத்தை மாணவர்களுக்குக்கூட நான் விரல் நீட்டிக் காட்டியதில்லை, அவர்களே குனிந்து கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். 2021இல் துரஹள்ளியில் வனத்துறை மரப் பூங்கா அமைக்கப் போவதாகச் சொன்னபோது சுற்றுவட்டாரத்து மக்கள் கூடி எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. புதர்க்காட்டைக் காப்பாற்ற ஆட்கள் தெருவுக்கு வந்ததை என் ஆசிரியர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

எங்கள் கையில் இருந்த வேதம், எஸ்.வி. ராமசாமியும் பி.ஏ. ரஜியும் எழுதி 1973இல் மைசூர் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெங்களூர் மாவட்டத் தாவர நூல். படம் குறைவு, விவரம் நிறைய. இன்ன செடி இன்ன ஊரில் என்று அதில் போட்டிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படித்தால் இன்று வயிறு எரியும், பாதி இடம் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறது. புனித ஜோசப் கல்லூரியின் பாதிரியார் சிசில் சல்டானா அதற்குப் பிறகு ஹாசன் மாவட்டத்துக்கும் கர்நாடகம் முழுமைக்கும் தாவர நூல்கள் கொண்டுவந்தார். இவர்கள் யாருக்கும் ஊரில் சிலை இல்லை.

2007இல் தேவனஹள்ளி அருகே நல்லூர்ப் புளியந்தோப்பை இந்தியாவின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 50 ஏக்கருக்கு மேல். முறுகி முண்டு விழுந்த மரங்கள், சோழர் காலத்தவை என்பது ஊர்ப் பேச்சு. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் என்று தாவரவியல் சொல்கிறது. முதல் விருதே ஒரு வந்தேறிக்குப் போய்விட்டதே என்று ஒரு மாணவன் கிண்டல் செய்தான். குல்மொஹர் வந்து இருநூறு ஆண்டுகூட ஆகியிருக்காது, புளி வந்து ஆயிரக்கணக்கில் ஆகிறது, எத்தனை தலைமுறைக்குப் பிறகு குடியுரிமை தருவாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணியடிக்கும் வரை சண்டை போட்டது.

நிலச் சட்டம் செடியை என்ன செய்யும் என்பதற்குச் சந்தனத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1792இல் திப்பு அதை அரச மரமாக்கினார். பிறகு வந்த ஆங்கிலேயரும் உடையார்களும் குடியரசும் அந்த விதியை விடவில்லை. உங்கள் வரப்பில் முளைத்தாலும் மரம் சர்க்காருடையது, வெட்டுப்பட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எந்த விவசாயி வளர்ப்பார்? கன்றைக் கண்டதும் பிடுங்கிப்போட்டார்கள். 2001இல்தான் சட்டம் திருத்தப்பட்டு மரம் நிலக்காரருடையதானது. இப்போது வேலி கட்டி, கேமரா மாட்டி, தோட்டமாகப் போடுகிறார்கள். தானாக முளைப்பதும் நிற்கவில்லை. கொண்டைக்குருவியும் குயிலும் பழத்தைத் தின்று விதையைப் போடும், பக்கத்தில் வேர் பற்றிக்கொள்ள ஒரு புங்கமோ துவரையோ இருந்தால் போதும். பெரிய வளாகங்களின் மதில் ஓரத்தில் இன்றும் கன்றுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தண்டு கொஞ்சம் கனத்ததும் ராத்திரியில் யாரோ ரம்பத்தோடு வந்துவிடுகிறார்கள்.