நடுத்தர நாடுகளின் வர்த்தக உறவும் இலங்கையின் பட்டறிவும்

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா, இலங்கைப் பொருட்கள் மீது 44 வீதத் தீர்வையை அறிவித்தது. அது ஜூலையில் 30 வீதமாகவும் ஆகஸ்டில் 20 வீதமாகவும் குறைக்கப்பட்டது. எமது ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அந்த ஒரே சந்தையை நம்பியிருந்தமையால், சில மாதங்களுக்கு ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களின் பிழைப்பு வொஷிங்டனில் எடுக்கப்படும் முடிவொன்றில் தொங்கிக் கொண்டிருந்தது. இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. வல்லரசுகளாக அல்லாதபோதும் தமக்கென ஓரளவு பொருளாதார வலிமை கொண்ட நடுத்தர நாடுகள் பலவும் இன்று ஒன்றையொன்று நாடுகின்றன. இந்தோனேசியா, தாய்லாந்து, தென்கொரியா போன்றவை இவ்வகையின. அவற்றின் வரிசையில் எமது நாட்டை வைத்தெண்ண முடியாதெனினும், அத்தகைய உறவின் நன்மை தீமைகளை நாம் நீண்ட காலமாகவே அனுபவித்து வந்துள்ளோம்.

இதில் முதன்மையானது 1952 இல் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கையாகும். கொரிய யுத்தத்தின் தொடக்கத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அதேவேளை அரிசியின் விலை ஏறியது. சீனாவுக்கு மூலோபாயப் பொருட்கள் செல்வதற்கு ஐக்கிய நாடுகள் சபை 1951 இல் தடை விதித்திருந்தது. இலங்கை அன்று அச்சபையின் உறுப்பினராக இருக்கவில்லை. பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ஒன்றெனினும், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீகிங் சென்று பேச்சுவார்த்தை நடத்தினார். ஐந்தாண்டு கால உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு எதிராக 2,70,000 தொன் அரிசி கிடைத்தது. அமெரிக்க உதவி இடைநிறுத்தப்பட்ட போதிலும் உடன்படிக்கை நிலைத்து, பல தடவைகள் புதுப்பிக்கப்பட்டது. இரு நாடுகளுக்குமிடையே இராஜதந்திர உறவு ஏற்பட்டதோ 1957 இல்தான். கொள்கை ஒற்றுமையைக் காட்டிலும் பரஸ்பரத் தேவையே உறுதியான பிணைப்பு என்பதற்கு இதனை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அரசியல் களத்திலும் கொழும்புக்கு ஒரு பங்கு இருந்தது. 1954 ஏப்ரலில் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலயின் அழைப்பின் பேரில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்கள் இங்கு கூடினர். "கொழும்பு நாடுகள்" எனப் பெயர்பெற்ற இவ்வைந்துமே, 29 நாடுகள் பங்குபற்றிய 1955 பாண்டுங் மாநாட்டை ஏற்பாடு செய்தன. அம்மாநாட்டுக்கான யோசனையை இந்தோனேசியப் பிரதமர் முதலில் முன்வைத்தது கொழும்பில்தான். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாயரின் சந்ததியினர் வாழும் கொம்பனித்தெருவை உடைய இத்தலைநகருக்கு, அந்த உறவு புதிதாக உண்டானதன்று.

அண்மைக் காலத்தில் இவ்வுறவுகள் சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளாக வடிவெடுத்துள்ளன. இந்தியாவுடன் 1998 டிசம்பரில் கைச்சாத்தான உடன்படிக்கை 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்தது. பாகிஸ்தானுடனானது 2005 இலும் சிங்கப்பூருடனானது 2018 இலும் அமுலாகின. தாய்லாந்துடன் 2024 பெப்ரவரியில் கைச்சாத்திடப்பட்டது.

ஆயினும் கையொப்பம் மட்டும் சந்தையைத் திறந்துவிடாது. இந்திய உடன்படிக்கையில் தேயிலைக்கான சலுகை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோகிராமுக்கும், ஆடைகளுக்கான சலுகை 80 இலட்சம் உருப்படிகளுக்கும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆடைகளுள் 60 இலட்சம் இந்தியத் துணியாலேயே தைக்கப்பட வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. மறுபுறம், இரு நாடுகளின் தீர்வை வேறுபாட்டைப் பயன்படுத்தி வனஸ்பதியும் செம்பும் இங்கிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகின. இந்தியா கட்டுப்பாடு விதித்ததும் அத்தொழில்கள் சரிந்தன. பாகிஸ்தானிலோ, உடன்படிக்கை இருந்தும் எமது தேயிலையின் இடத்தைக் கென்யத் தேயிலையே பிடித்துக் கொண்டது. விலையிலும் வகையிலும் போட்டியிட இயலாத பொருளைத் தீர்வைச் சலுகை மட்டும் காப்பாற்றாது.

வேறு சில ஏற்பாடுகள் நம்பிக்கை தருகின்றன. ஈரானுக்குச் செலுத்த வேண்டியிருந்த 25.1 கோடி டொலர் எண்ணெய்க் கடனை, மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் ஈடுசெய்ய 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டது. இங்குள்ள ஏற்றுமதியாளருக்கு ரூபாவில் பணம் கிடைப்பதால் அந்நியச் செலாவணி வெளியேறுவதில்லை. அதே ஆண்டில் பங்களாதேஷ் 20 கோடி டொலரை நாணயப் பரிமாற்றமாக வழங்கியது. இலங்கை அதனை 2023 இல் திருப்பிச் செலுத்தியது. 2022 நெருக்கடியின்போது இந்தியா வழங்கிய ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவி எரிபொருளுக்கும் மருந்துக்கும் கைகொடுத்தது. ஆபத்து வேளையில் அயலவரே முதலில் வந்தனர்.

ஆனால் இத்தகைய உறவுகளின் பயனும் பாரமும் எல்லோரிடமும் சமமாகச் சேர்வதில்லை. எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் தழைத்த யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கை, 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்டபோது பலத்த அடி வாங்கியது. அம்முடிவு எடுக்கப்பட்ட மேசையில் அவ்விவசாயிக்கு இடமிருக்கவில்லை. அதேபோல், எண்ணெய்க் கடனைத் தீர்க்கும் தேயிலையைப் பறிக்கும் மலையகத் தொழிலாளரின் கூலிப் போராட்டமோ ஆண்டுகள் பலவாகத் தொடர்கின்றது. ஏற்றுமதிக் கணக்கில் உயரும் தொகை லயன் அறைக்குள் எட்டாவிடின் அதனை நாட்டின் வெற்றி என்று எவ்வாறு கூறுவது?

சிங்கப்பூர் உடன்படிக்கையின் அனுபவமும் நினைவிற் கொள்ளத்தக்கது. அது கைச்சாத்தான பின்னரே தொழில்வாண்மையாளர் எதிர்ப்பு எழுந்து, அதனை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவை நியமிக்க நேர்ந்தது. ஆராய்ச்சி முன்னரும் கையொப்பம் பின்னரும் நிகழ்ந்திருக்க வேண்டும். இதற்கு மாறாக, இந்தியாவுடனான விரிவான பொருளாதாரக் கூட்டுடன்படிக்கை 2008 இல் கைச்சாத்திடும் தறுவாயில் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. அவசரமும் அச்சமும் ஒருங்கே எம்மை ஆட்கொண்டுள்ளன என்பதையே இவ்விரண்டும் காட்டுகின்றன.

எனவே, இனிவரும் ஒவ்வோர் உடன்படிக்கையின் வரைவும் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே வெளியிடப்பட்டுப் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். பாதிப்புறும் விவசாயிக்கும் சிறு தொழிலாளிக்கும் மாற்றத்துக்கான கால அவகாசமும் நிவாரணமும் உடன்படிக்கையுடனேயே வகுக்கப்பட வேண்டும். பல வாசல்கள் உள்ள வீட்டுக்கே காற்று வரும். அவ்வாசல்களைத் திறக்கும் உரிமை வீட்டிலுள்ள எல்லோருக்கும் உரியது என்பதை ஆட்சியாளர் உணர்வார்களாக.